கிருபையின் குரல் குழாயில் வந்த மாதம்

அந்த வருஷம் மே மாதம் இரண்டாம் தேதி, காலை பதினொன்றரை மணிக்கு, தண்டவாளத் தெருவின் வீட்டுக் குழாய்களிலும் தெருமுனை மருந்துக்கடைக்குப் பின்னாலிருந்த குழாயிலும், பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி மனசுக்குள் படிக்கிற குரல் வரத் தொடங்கியது. அன்றைக்குத் தண்ணீர் வருகிற முறை இல்லை. எட்டு நாளைக்கு ஒருதரம்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்பதாலும், மற்ற நாளெல்லாம் குழாயைத் திறந்தால் காற்றுதான் என்பதாலும், அந்தக் காற்று சில நாள் சீறியும் சில நாள் முனகியும் சில நாள் யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஊதியும் காதுக்குப் பழகியிருந்ததாலும், அது வார்த்தையாக வந்தபோது தெரு அப்படியொன்றும் திடுக்கிடவில்லை. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள், கொஞ்சம் கேட்டார்கள், "யாரு, நம்ம மருந்துக்கடைக்காரர் மூத்த பிள்ளையா படிக்குது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள், ஆமாம் என்று தெரிந்ததும் மறுபடி விளக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளையின் பெயர் தேவகிருபை. அப்பா பாக்கியநாதன், தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா வயலட். தங்கை ஷைனிக்கு எட்டு வயது. கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது கிருபைக்குப் பத்து வயது; திறந்தபோது ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் சுருங்கிப்போன சீருடையை மாட்டிக்கொண்டு திரும்பிப் போக, கிருபை மட்டும் போகவில்லை. வீட்டிலேயே படிக்கட்டும், பத்தாவதை நேராக எழுதிக்கொள்ளலாம் என்று பாக்கியநாதன் சொன்னார். முதல் வருஷம் தெரு அதைப் பற்றிப் பேசியது, இரண்டாம் வருஷம் கொஞ்சம் பேசியது, அதன்பிறகு அந்த வீட்டு மாடி ஜன்னலில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது ஜன்னலுக்குக் கம்பி இருப்பதைப் போல ஆகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் வயலட் சின்னவளைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் தெற்கேயிருந்த தன் தங்கை பியூலா வீட்டுக்குப் போனாள். பியூலாவுக்கு ஆபரேஷன், ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று பாக்கியநாதன் தெருவில் சொன்னார். கிருபையையும் அம்மா கூப்பிட்டாள். அதே வாரத்தில்தான், பக்கத்து ஊரில் கலைந்துபோன ஒரு வாசகர் மன்றத்தின் புத்தகங்களை அப்பா சாக்கில் கட்டிக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கியிருந்தார். அம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, கிருபை அந்தச் சாக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், "நான் அப்பாகூட இருக்கேம்மா" என்று சொன்னாள். அம்மா பையை இறக்கிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கிளம்பினாள்.

அப்பா எட்டரை மணிக்குக் கடைக்குப் போனால் மதியம் சாப்பிட வந்துபோவார், பிறகு இருட்டின பிறகுதான் வருவார். நடுவில் அந்த வீட்டில் கிருபையும் சாக்கும் மின்விசிறியும்தான். அவள் சத்தம் போட்டுப் படிக்கிறவள் இல்லை. உதடுகூட அசையாது. அவர்கள் வீட்டுக் குழாயில் மட்டும் எதுவும் கேட்காததால், தன்னுடைய படிப்பு தரைக்கடியில் இறங்கி, துருப்பிடித்த இரும்பு வழியாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

முதல் புத்தகம் பனிக்கடலில் சிக்கிக்கொண்ட ஒரு கப்பலின் கதை. பதினொரு மாலுமிகள், உறைந்த கடல், ஆறு மாதம் உதிக்காத சூரியன். கத்திரி வெயிலில் தார்ச்சாலை செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், தண்டவாளத் தெருப் பெண்கள் குழாயடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பனியைக் கேட்டார்கள். மாலுமிகள் கடைசி ரொட்டியைப் பதினொன்றாகப் பிய்த்த இடத்தில் மூன்றாம் வீட்டில் சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. தீப்பெட்டி ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற சீனிவாசகம் மட்டும் பேரூராட்சியில் போய் முறையிட்டார். வால்வு திறக்கிற மாடசாமி வந்தான், தெருமுனையிலிருந்த குழிமூடியைத் தூக்கினான், படுத்துக் காதை வைத்துக் கால்மணி நேரம் கேட்டான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "லைன்ல அடைப்பும் இல்ல, ஓட்டையும் இல்ல. பிள்ளை படிக்குது, அவ்வளவுதான். அது சரி, அந்தக் கப்பல் சமையக்காரனுக்குக் கால்ல புண்ணு வந்துச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் கிருபை துணி காயப்போட மாடிக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சியம்மாள் ஜாக்கெட் தைக்கிறவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தால் அதிகம்.

"ஏ தாயி, அந்தக் கேப்டன் பொழைச்சானா இல்லையா? நேத்து பாதியில விட்டுட்டுப் போயிட்டியே. எனக்கு ஜாக்கெட்டுக்குக் கைய வச்சுத் தைக்க ஓடல."

கிருபைக்குப் புரியவில்லை. "எந்தக் கேப்டன்க்கா?"

"எந்தக் கேப்டனா? நீ படிக்கிறதுதான். எங்க வீட்டுக் குழாயில வருதுல்ல. எல்லா வீட்டுலயும்தான் வருது. உனக்குத் தெரியாதா?"

கிருபை ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தனக்குள்ளே நடந்ததை ஒரு தெருவே கேட்டிருக்கிறது என்பதில் அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது, யாரோ சொல்லாமல் கதவைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி. பிறகு வேறொன்று வந்தது. ஐந்து வருஷமாக அவள் படித்ததை யாரும் என்னவென்று கேட்டதில்லை. இப்போது ஒருத்தி வடகமாவுக் கையோடு, கண்ணில் அத்தனை தவிப்போடு கேட்கிறாள்.

"பொழைச்சுருவான்க்கா," என்றாள் கிருபை.

"சொல்லாத, சொல்லாத! படி, கேட்டுக்கிடுதேன்," என்று பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடி வடகம் பிழியக் குனிந்தாள்.

அன்றிலிருந்து கிருபை பார்த்துப் பார்த்துப் படித்தாள். நல்ல இடங்களில் நிதானமாகப் படித்தாள். தெருவில் தேங்காய் வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனால், அவர் போகும்வரை பக்கத்தை நிறுத்தி, மறுபடி அந்த வரியிலிருந்து தொடங்கினாள். தெருவும் அவளுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பத்து மணிக்குள் சமையலை முடித்தார்கள், மதியம் மிக்சி போடுவதை விட்டார்கள், பூப்புனித நீராட்டுக்குப் பத்திரிகை அடித்தவர்கள் 'கதை முடிந்த பின்' என்று நேரம் போடலாமா என்றுகூட யோசித்தார்கள். துப்பறியும் கதை ஒன்றில் கடைசிப் பன்னிரண்டு பக்கத்தைப் பூச்சி அரித்திருந்ததால், ஜமீன்தாரைக் கொன்றது வைத்தியரா, தோட்டக்காரியா என்று தெரியாமலேயே குரல் நின்றுபோனது. தெரு இரண்டாகப் பிரிந்தது. வைத்தியர் கட்சிக்காரர்கள் வீட்டில் தோட்டக்காரி கட்சிக்காரர்கள் மூன்று நாள் கறிவேப்பிலைகூடக் கேட்கவில்லை. நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் வந்தபோது பள்ளி விடுமுறையிலிருந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குத் தைலம் கேட்டு மருந்துக்கடைக்கு வந்தார்கள். தண்ணீர் வருகிற நாளில் மட்டும் குரல் நனைந்து குழறியது, குடத்துக்குள் விழுந்து உருண்டது, என்ன சொல்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. "சனியன் பிடிச்ச தண்ணி, இன்னைக்குப் பார்த்துத்தானா வரணும்," என்று எட்டு நாள் காத்திருந்தவர்களே சொன்னார்கள்.

ஆனால் கிருபையின் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

அவள் தயிர் வாங்கத் தெருவில் இறங்கினால், கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். கோயில் தேருக்கு விடுகிற மாதிரி ஒரு வழி. "நேத்து மூணு மணிக்கே நிறுத்திட்டியேம்மா, கரண்ட் இல்லையா?" என்று ஒருவர் கேட்பார். "நாளைக்கு எங்க வீட்ல விசேஷம், கொஞ்சம் சாவு இல்லாத இடமாப் பார்த்துப் படி தாயி," என்று இன்னொருவர் சொல்வார். பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் அடுத்தவரிடம் திரும்பியிருப்பார்கள். அவள் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே வேப்பமர நிழலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு, தோட்டக்காரி ஏன் பொய் சொன்னாள் என்று அவர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவதை மேலேயிருந்து கிருபை கேட்டாள். அவள் சொல்ல நினைத்தது ஒன்று இருந்தது: தோட்டக்காரி பொய் சொல்லவில்லை, அவளிடம் யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. ஒருநாள் இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று மாடிப்படியில் பாதிவரை வந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. 'நான்தான்' என்பதா, 'நானும் வரட்டுமா' என்பதா? ஐந்து வருஷத்தில் அவள் ஆயிரம் பேச்சைப் படித்திருந்தாள், ஒன்றுகூட அந்தப் படியிலிருந்து தெருவுக்கு இறங்குகிற பேச்சாக இல்லை. திரும்பி மேலே போய்விட்டாள்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையோடு கதையையும் பேசினார்கள். மதியம் சாப்பிட உட்காரும்போது, "நல்லாப் படிக்கியாம், எல்லாரும் சொல்லுதாங்க," என்று பெருமையாகச் சொல்வார். ரசத்தை ஊற்றிக்கொள்வார். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசினாள். "சாப்பிட்டியா?" "சாப்ட்டேம்மா." "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன். சித்தி எப்படி இருக்காங்க?" "இருக்கா. சரி, வச்சிரட்டா?" அதற்கு மேல் இரண்டு பேரும் கொஞ்சநேரம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு வைப்பார்கள்.

பத்தொன்பதாம் தேதி சாக்கின் அடிக்கு வந்தாள். அடியில் கிடந்தது ஆடுமாடுகளின் நோய்களைப் பற்றிய கெட்டி அட்டைப் புத்தகம். ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்ற அத்தியாயத்தைக் கேட்டு, தெருக்கோடியில் ஆடு வளர்த்தவர் எண்ணெயைப் புகட்டி ஓர் ஆட்டைப் பிழைக்க வைத்தார். மறுநாள் இரண்டு மணி இருக்கும், கோமாரி நோய்க்கும் அடைப்பான் நோய்க்கும் நடுவில், கோடுபோட்ட தாள்கள் இரண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன. விரித்தாள். அம்மாவின் கையெழுத்து.

'அத்தானுக்கு, போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பியூலாவுக்கு உடம்பு சரியாகி இரண்டு மாதமாகிறது. அவளுக்கு என் ஒத்தாசை தேவையில்லை. எனக்குத்தான் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை.'

மூன்று வரி. அதுவரை அவள் படிக்கவில்லை, கண்தான் ஓடியது. அந்த இடத்தில் தாளைக் கவிழ்த்துத் தொடைமேல் வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. தெரு இந்த மூன்று வரியைக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. இதோடு நிறுத்தினால் மூன்று வரியோடு போகும், அப்பாவின் மானமும் அம்மாவின் மானமும் மிச்சம் இருக்கும். அவள் பேரூராட்சித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவை நினைத்தாள், மருந்துக்கடையில் நிற்கும் அப்பாவை நினைத்தாள், படிக்காமல் இந்தத் தாளை வைத்துக்கொண்டு ராத்திரிவரை உட்கார்ந்திருக்கப்போகிற தன்னை நினைத்தாள். தாளைத் திருப்பினாள்.

'நம் பிள்ளைக்குப் பதினைந்து வயது. அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. பிறந்தநாளைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, யாரும் வேண்டாம்மா, நீங்க இருக்கீங்கள்ல என்றாள். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். நீங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். எதிலிருந்து என்று ஐந்து வருஷமாகக் கேட்கிறேன், பதில் இல்லை. இன்றைக்கு என்கூட வா என்றேன். அவள் சாக்கைத்தான் பார்த்தாள். எனக்குப் பிள்ளைமேல் கோபம் வந்தது, புத்தகத்தின்மேல் பொறாமை வந்தது. இப்படி ஆகிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று நீங்கள் சொல்கிற அன்றைக்கு வருகிறேன். வயலட்.'

கடிதம் தெருக் குழாய்களில் வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள்தான் முதலில் எழுந்து, தைத்து மிஞ்சிய துண்டுத்துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரர் துண்டைச் சுற்றினார். எந்தக் கதைக்கும் காதுகொடுக்காத சீனிவாசகம்கூட தூக்கத்திலிருந்து எழுந்துவந்து தன் பனியனைத் திணித்தார். ஒவ்வொரு வீடாக, கடைசி வரி வருவதற்குள் தெரு முழுக்கக் குழாய்கள் வாயடைத்துப்போயின. மருந்துக்கடைப் பின்குழாயை மட்டும் யாரும் அடைக்கவில்லை. கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர், "நான் அப்புறமா வாரேன் அண்ணாச்சி," என்று மருந்தை வாங்காமலே இறங்கிப் போனார். பாக்கியநாதன் பாட்டிலைக் கையில் பிடித்தபடி, தன் மனைவியின் வார்த்தைகளைத் தன் மகளின் குரலில் கடைசிவரை கேட்டார். அதன்பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தார்.

கிருபை தாளை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ மாட்டு வைத்தியப் புத்தகத்தை எடுப்பேன்னு நான் நினைக்கல. அதான் அதுக்குள்ள வச்சேன்."

"நான் எல்லாத்தையும் படிப்பேன்ப்பா."

"ஆமா," என்றார். "அந்தக் கொரோனா வருஷம் கடை முன்னால எப்படி நின்னாங்க தெரியுமா? காலையில மாத்திரை வாங்கிட்டுப் போன ஆளு சாயங்காலம் இருக்க மாட்டான். எங்கூடப் படிச்ச தங்கராஜ், காய்ச்சல்தான்ல, நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போனான். நான் வீட்டுக்கு வந்து, குளிச்சிட்டு, தூர நின்னு உன்னைப் பார்ப்பேன். இந்த இடத்துலதான் உக்காந்து படிச்சுக்கிட்டிருப்ப. இது உள்ள இருக்கு, இது போதும்னு இருக்கும். அப்புறம் ஊரு சரியாயிருச்சு. எனக்குத்தான் அப்படிப் பார்க்கிறத விட முடியல."

"எனக்கும் பிடிச்சுதாம்ப்பா இருந்துச்சு."

"அதுதான் எனக்கு வசதியாப் போச்சு," என்றார் பாக்கியநாதன். எழுந்துபோய் டீ போட்டார். சீனியை இரண்டுதரம் போட்டுவிட்டார். இரண்டு பேரும் அதைக் குடித்து முடித்தார்கள். பள்ளிக்கூடம் என்ற வார்த்தை அன்றைக்கு இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

மறுநாள் காலை தயிர் வாங்க இறங்கியபோதுதான் கிருபை பார்த்தாள். வாசல் குழாய்களிலெல்லாம் துணி. சிவப்பும் பச்சையும் பழுப்புமாக, நூல் போட்டு, சணல் போட்டு, ஒரு வீட்டில் ரப்பர் பட்டை போட்டு, அடிபட்ட விரலுக்குக் கட்டின மாதிரி ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கட்டு. பேச்சியம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாத தாயி. உங்க வீட்டு விஷயம் எங்க காதுல விழக்கூடாதுல்ல, அதான் எல்லாருமா."

"இப்போ படிச்சா கேக்காதாக்கா?"

"ஒரு சொட்டுக் கேக்காது. நீ தைரியமாப் படி."

அவள் மேலே போய், அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தாள். மலைநாட்டு ராணி ஒருத்தியின் கதை, நன்றாகத்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு நல்ல வரி வந்தது. வழக்கம்போல நிதானித்தாள், யாருக்காகவோ மறுபடி படித்தாள். பிறகு, யாருக்காக என்று நினைப்பு வந்தது. வார்த்தைகள் அவளுக்குள் இறங்கி, அங்கேயே தேங்கி நின்றன. ஐந்து வருஷமாக இப்படித்தான் நின்றன, அப்போது அது அவளுக்குத் தனிமையாகத் தெரிந்ததில்லை; இந்தப் பதினெட்டு நாள் கேட்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. தெரு அவள்மேல் மரியாதை வைத்துத்தான் காதை மூடிக்கொண்டது. அந்த மரியாதை அவள் மார்மேல் ஒரு கல்லாக உட்கார்ந்தது. புத்தகத்தை மூடிவைத்தாள், அதன்பின் திறக்கவில்லை.

எட்டு நாள் கிருபை எதையும் படிக்கவில்லை. தீப்பெட்டி மேலிருந்ததைக்கூடக் கண்ணைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். வீட்டைத் துடைத்தாள், துடைத்த இடத்தை மறுபடி துடைத்தாள். எவ்வளவு நீளமான மதியங்கள் அந்த வீட்டுக்குள் இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒருநாள் அடுப்படியில் நிற்கும்போது நினைத்தாள். புருஷன் கடையில், சின்னவள் பள்ளிக்கூடத்தில், பெரியவள் இதே வீட்டுக்குள் இருந்துகொண்டே பனிக்கடலில். இந்த அடுப்படியில் அம்மா யாரிடம் பேசினாள்? வெளியே சாயங்காலங்களில் தெரு, துணிக்குப் பின்னால் குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஆனால் அவிழ்க்கவும் மனம் வராமல், குழாய்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. துப்பறியும் கதையால் முறைத்துக்கொண்டவர்கள் பேசுவதற்கு வேறொன்றும் இல்லாமல் சமாதானம் ஆனார்கள்.

மே இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு வயலட் ஷைனியைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தாள். கிருபை மாடியறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வயலட் நேரே வந்து அவள் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள்.

"காய்ச்சலா? என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. என்ன திடீர்னு?"

"எட்டு நாளா ஒண்ணும் கேக்கலியே," என்றாள் வயலட். மூச்சு வாங்கியது. "தினமும் பத்தரை பதினோரு மணிக்குத் தொடங்கிருவ. திடீர்னு நின்னுபோச்சு. முதல்ல அந்தத் தாளுனால கோவம்னு நினைச்சேன். அப்புறம் உனக்கு உடம்புக்குத்தான் என்னமோன்னு..."

"உங்களுக்கு அங்க எப்படிக் கேட்டுச்சு?"

"சித்தி ஊருக்கும் இதே ஆத்துத் தண்ணிதான் கிருபை. ஒரே பைப்புதான் இங்கேருந்து அங்க வரைக்கும் போகுது. சன்னமாத்தான் வரும். காதைக் குழாயில ஒட்டி வச்சாத்தான் கேக்கும். நான் குளியலறைக்குள்ள முக்காலி போட்டு உக்காந்து கேப்பேன்."

"அம்மா எப்பவும் பாத்ரூம்லதான் இருப்பாங்க. சித்தி கத்துவாங்க," என்றாள் ஷைனி.

"முதல் நாள்லேருந்தா?"

"முதல் நாள்லேருந்து. அந்தக் கப்பலு, அந்த ஜமீன்தாரு, எல்லாம் கேட்டேன். நான் எழுதினதையும் கேட்டேன்."

"அப்போ ஏம்மா போன்ல ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னா நீ படிக்கிறத நிறுத்திருவியோன்னு பயந்தேன்."

கிருபை எழுந்து நின்றாள். கோபம் வந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்தாள். "எல்லாரும் கேட்டீங்க," என்றாள். குரல் உடைந்து, பிறகு உயர்ந்தது. "தெரு பூராக் கேட்டுச்சு. அப்பா கேட்டாங்க. நீங்க காதை ஒட்டி வச்சுக் கேட்டீங்க. ஒருத்தராவது மேல வந்து, என்ன கிருபை, நல்லாருக்கியான்னு கேக்கல. நான் என்ன குழாயா? திறந்தா வரணும், மூடினா நிக்கணும்! நான் இங்கதானே இருந்தேன்! இந்தா, இந்த ஜன்னல்லதானே இருந்தேன்!"

அது குழாய் வழியாகப் போகவில்லை. ஜன்னல் வழியாக, காற்று வழியாக, சாதாரணமாக ஒரு பெண் கத்தினால் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. வேப்பமரத்தடியில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேச்சியம்மாளின் தையல் மிஷின் நின்றது. ஷைனி அழத் தொடங்கினாள். வயலட் மட்டும் அசையாமல் நின்று, மகள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் பழக்கமில்லாமல் இருந்தது. கிருபை இப்போது அம்மாவைவிட உயரமாகியிருந்தாள், தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மதியம் சாப்பிட வந்த பாக்கியநாதன் வாசலில் வயலட்டின் செருப்பைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார். உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பம். மடிப்பில் அழுக்கேறியிருந்தது.

"எப்போ வாங்கினது?" என்று வயலட் கேட்டாள்.

"பிள்ளை உன் கடிதத்தைப் படிச்ச மறுநாளே. பேரெல்லாம் எழுதிட்டேன். கையெழுத்துதான் போட வரல."

"இப்பப் போடுங்க."

அவர் போட்டார்.

அன்று சாயங்காலமே தெரு குழாய்களிலிருந்து துணிகளை அவிழ்த்தது. யார் சொல்லியும் இல்லை, ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். பேச்சியம்மாள் ஒரு கிண்ணத்தில் பொரித்த வடகத்தோடு மாடியேறி வந்து, ஓரமாக உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் கிருபையின் பாவாடைக் கரை பிரிந்திருப்பதைப் பார்த்து, அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கிருபை ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி படிக்கத் தொடங்கினாள். ஆனால் குழாயில் காற்றுதான் வந்தது. மாடசாமி குழிமூடியைத் தூக்கிக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வெறும் பைப்பு," என்று மூடினான். தெருவுக்கு அது கொஞ்சநாள் ஒரு குறையாக இருந்தது, பிறகு டிவியில் புதுத் தொடர் ஒன்று தொடங்கியது.

ஜூனில் பள்ளி திறந்தது. நாற்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் கிருபைக்குக் கடைசி பெஞ்சில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மணி அடிப்பதும், எல்லாரும் சேர்ந்து எழுவதும், டீச்சர் திரும்பியதும் ஒரே நேரத்தில் நாற்பது பேர் பேசுவதும் அவளைத் தலைசுற்ற வைத்தன. தண்டவாளத் தெருப் பெண்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள், பக்கத்தில் வரவில்லை. மதிய உணவை அவள் தனியாகச் சாப்பிட்டாள். இரண்டாம் நாளும் தனியாகத்தான். அம்மா சாயங்காலம் கேட்டபோது, "நல்லாருக்கும்மா," என்றாள். வயலட் அதை நம்பவில்லை, ஆனால் மறுநாள் டப்பாவில் ஒரு ஆளுக்கு அதிகமாகவே சோறு வைத்தாள்.

நான்காம் நாள், விண்ணப்பம் தாமதமாகி ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பஸ் வசதியில்லாத ஏதோ காட்டூரிலிருந்து ஏழு மைல் சைக்கிள் மிதித்து வந்திருந்தாள். அந்த ஊரில் குழாயே கிடையாது, அடிபம்புதான். அவளுக்கு யாரையும் தெரியாது, யாரைப் பற்றியும் தெரியாது. கடைசி பெஞ்சுக்கு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ," என்று சொல்லி, கிருபை தள்ளுவதற்குள்ளேயே உட்கார்ந்து, வேர்த்த முகத்தைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். வகுப்பு இரைச்சலாக இருந்தது.

"உன் பேரு என்ன?"

கிருபை சொன்னாள்.

"கேக்கலயே," என்று அந்தப் பெண் காதருகே கையை வைத்துக் குனிந்தாள். "சத்தமாச் சொல்லு."

கிருபை மறுபடியும், இந்தத் தரம் சத்தமாக, சொன்னாள்.